நாற்பத்திரண்டு அடுக்கு

நவம்பர் கடைசியில் வார்டோவில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
அதன் பிறகுதான் எனக்கு வேலை.
இருட்டோடு இருட்டாகக் கத்தி கேட்டு வருவார்கள்,
கத்தியைவிடப் பிடியைக் கேட்டு.

குன்வோர் வந்த அன்று
மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன்,
நகைக்கடைக்காரனின் கர்வத்தோடு.

சுருள் பிர்ச்:
வளர மாட்டாமல் முறுக்கிக்கொண்ட மரம்.
அந்தக் கோளாறுதான் உள்ளே தீநாக்காய்ப் படிந்திருக்கிறது.
நேராய் வளர்ந்ததை அடுப்புக்கு அனுப்பிவிட்டுக்
கோணலுக்கு விலை வைக்கிறோம்.

பனிமான் கொம்பு. அரம் போட்டால்
பல் வைத்தியர் அறையின் வாசம்.
மான் தானே உதிர்த்தது என்றால்
ஓஸ்லோக்காரர்கள் கூடுதலாய்த் தருவார்கள்.

பித்தளைக் குமிழ் வைத்த கருங்காலி,
பார்வைக்கு ராஜா;
உறைகுளிரில் விரலைக் கவ்வினால் விடாது.

அப்புறம், பிசினில் பச்சை மினுக்குக் கலந்து
துருவ ஒளி என்று நான் விற்கும் துண்டு.
வெட்கம்தான். அதிகம் போவதும் அதுதான்.

அவள் ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
பார்க்கவில்லை, பிடித்தாள்.
வாசலுக்குப் போய்ப் பனியில் அழுத்தி எடுத்தாள்.
பையிலிருந்த காட் மீனின் குடலை வழித்து
ஒவ்வொன்றின் மேலும் தடவினாள்,
என் மேசையில், என்னைக் கேட்காமல்.
மறுபடி பிடித்தாள்.
"வழுக்குது" என்றாள் பிர்ச்சை.
"என்னைவிட அழகா இருக்கு" என்றாள் கொம்பை,
அது பாராட்டு இல்லை.

இருபத்தாறு வருடம் ஆலையில் மீன் அறுத்த கை.
கட்டைவிரல் அடியில் தோல் காய்த்துக்
கூழாங்கல்லாய் நின்றது.
ஆலை இப்போது போலந்தில் அறுக்கிறது.

பிறகு அந்த நீலச் சட்டைகளை எடுத்தாள்.
ஆலைச் சீருடை, பருத்தி, நான்கு உருப்படி.
கடைசி நாளில் திருப்பிக் கேட்டார்களாம்.
"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்.
இதுல பிடி ஆகுமா?"

ஆகும்.
சொல்லத்தான் மனமில்லை.
துணியை அடுக்கிப் பிசின் ஊட்டி இறுக்கினால்
கல்லாகிவிடும்.
உப்புக்கும் சோப்புக்கும் அசையாது,
நனைய நனையக் கைக்குள் இன்னும் ஒட்டும்.
இருபது வருடமாய் உலர்த்திவைத்த என் மரங்கள்
அலமாரியிலிருந்து என்னையே பார்த்தன.

எண்ணெய் இருந்தால் பிசின் பிடிக்காது.
மூன்று முறை சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன்,
மூன்றாம் தண்ணீரிலும் மீன்.
நாற்பத்திரண்டு துண்டு. இடுக்கியில் ஒரு ராத்திரி.
விடிந்துவிட்டது என்று கடிகாரம் மட்டும் சொன்னது.

ஆலையின் பெயர் தைத்த பட்டை ஒன்று மிஞ்சியது.
போனில் கேட்டேன்.
"உள்ளே போடு, டொர்கிரிம். நடுவுல.
சரியா ஆணி இறங்குற இடத்துல."

தேய்க்கத் தேய்க்க நீலம் நெளிந்து வந்தது,
மாலுமிகளின் படத்தில் ஆழம் காட்டும் கோடுகளாய்.
ஓரிடத்தில் வரிசையாய் வெள்ளைப் புள்ளிகள்,
சட்டைப்பையின் தையல்.
வெட்டி எறிந்திருக்கலாம். கை போகவில்லை.

தூளின் வாசத்துக்கு எதிர்வீட்டுப் பூனை வந்து
கதவைப் பிறாண்டியது.
கொம்புக்கோ கருங்காலிக்கோ
அது ஒருநாளும் வந்ததில்லை.

வாங்கிக்கொண்டவள் விளக்கடியில் திருப்பிப் பார்க்கவில்லை.
வாளித் தண்ணீரில் முக்கி
நாலு தடவை காற்றை அறுத்தாள்.
"பரவாயில்லை" என்றாள்.
எங்கள் ஊரில் அதற்குமேல் புகழ்ச்சி கிடையாது.

ஜனவரியில் மூன்று பெண்கள் வந்தார்கள்,
அக்குளில் ஆளுக்கொரு நீல மூட்டை.
"நாங்களும் தொலைச்சுட்டோம்" என்றாள் ஒருத்தி.

பிர்ச்சுக்கு எண்ணெய் பூசி
மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.
அது காத்திருக்கும். கோணல் மரம், அவசரமில்லை.
சோடாதான் தீர்ந்துபோயிருந்தது.